மழையில் பார்க்க வேண்டிய வீடு

என் கணவர், அவருடைய சிநேகிதர் சதுரடி, என் தம்பி, மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து வீடு வாங்குவார்கள். வாயால்தான். இதுவரை நிஜமாக வாங்கியது ஓர் அளவு டேப் மட்டும்.

சதுரடி என்ற பெயர் நான் வைத்தது. வீடியோ பார்த்தே நிபுணர் ஆனவர். "அண்ணே, முதல் வீட்டுல ஏமாறாதவன்தான் ரெண்டாவது வீடு வாங்குவான்" என்பார். அவர் இருப்பதும் வாடகை வீட்டில்தான்.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் மாடி வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, என் தையல் மெஷின் போட வெளிச்சமான ஜன்னல். வாங்கி வாடகைக்கு விடலாம் என்றார் இவர். நாமே குடிபோகலாம் என்றேன் நான். கல்யாணமான நாளிலிருந்து ஒழுகும் வீட்டில் இருக்கிறேன். மழை வந்தால் நான் வாளி வைப்பேன், இவர் ஓனருக்கு ஃபோன் போடுவார், அவர் அடுத்த மாதம் என்பார். எனக்கு அலுத்துவிட்டது.

"அவசரப்படாதீங்க அண்ணி. மாடி வீட்டை மழையிலதான் பார்க்கணும். ஒழுகுச்சுன்னா விலையைக் குறைக்கலாம்" என்றார் சதுரடி.

"மழை எப்ப வரும்?"

"வரும்போது வரும்க்கா" என்றான் என் தம்பி.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது? இதற்குள் வேறு யாரோ கேட்பதாக டீச்சர் சொல்லி அனுப்பினார். அதெல்லாம் பழைய தந்திரம் என்று மூவரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே என் தையல் காசை எடுத்துப்போய் முன்பணம் கொடுத்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் கூட்டம் போடுவார்கள்.

டீச்சர் நல்ல மனுஷி, சுத்தம் செய்துகொள்ளச் சாவியைக் கொடுத்தார். தரை துடைத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால், ஒரே குடையில் மூன்று பேரும், கையில் டார்ச்சுடன்.

"நீ எங்க இங்க?" என்றார் இவர்.

"நம்ம வீட்டுக்கு வந்திருக்கேன். முன்பணம் குடுத்தாச்சு. செருப்பை வெளியில விடுங்க."

மூவரும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அப்போது பார்த்து, சமையலறை மூலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. சதுரடிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நான் சொல்லல?"

அழுகையை அடக்கிக்கொண்டு தரை துடைத்த வாளியைச் சொட்டுக்கு அடியில் தள்ளி வைத்தேன். இவர் பழக்க தோஷத்தில் ஃபோனை எடுத்து நம்பர் தேடினார்.

"யாருக்குங்க?"

"ஓனருக்குத்தான். இப்பவே சொன்னாதானே..."

பாதியில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு என் தம்பியிடமிருந்து குடையைப் பிடுங்கினார்.

"மொட்டை மாடிக்குப் படி எந்தப் பக்கம்?"