காதுமிஷின் ஒயரும் ஒரு தலையாட்டலும்

1

பாறசாலை பஸ்ஸில் ஒருவரைப் பார்த்தேன். சட்டைப்பையில் காதுமிஷின், அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். கண்டக்டர் என்ன கேட்டாலும் தலையாட்டினார். கண்டக்டர் சலித்துப்போய் அவரை வெள்ளறடையில் இறக்கிவிட்டார். அவர் அங்கே இறங்க வேண்டியவர்தானா, தெரியாது. இந்தக் கதைக்கு ஆதாரம் இவ்வளவுதான். மீதி என் புளுகு.

2

'பனச்சமூட்டில் பொன்னம்பலம் பிள்ளை என்று ஒருவர்...' வேண்டாம், இப்படித் தொடங்கினால் சந்தையை வர்ணிக்கத் தோன்றும்.

'ஆனந்தலட்சுமி அழகும் அடக்கமும்...' சீ, இது தரகர் பேச்சு.

சரி, நேராகவே சொல்கிறேன். ஆனந்தலட்சுமி பொன்னம்பலத்தின் மகள். காட்டாக்கடையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் சொல்லிக்கொடுக்கிறாள். தொண்ணூறுகளின் நடுவில் அது பெண்களுக்கு அபூர்வமான வேலை. காலையில் மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள். முந்தின சாயங்காலம் பார்த்து அப்பாவின் காதுமிஷின் ஒயர் அறுந்தது.

மெல்லிய ஒயர், பெரிய சோல்டரிங் அயர்னின் சூடு தாங்காது. முனையைச் சீவி, முறுக்கி, சின்ன இருபத்தைந்து வாட் அயர்னால் ஈயம் வைத்தாள். ஆனால் ஊர் முழுக்க லைட் போடும் நேரம். வோல்டேஜ் இல்லை, பல்பு மினுங்கியது, ஈயம் மனசில்லாமல் உருகியது.

"கேக்குதா அப்பா?"

தலையாட்டினார்.

(சூடு போதாமல் வைத்த ஈயம் ஒயரின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒட்டியதுபோலத் தெரியும், அசைந்தால் விட்டுவிட்டுப் பிடிக்கும். தொழில்காரர்கள் டிரை சோல்டர் என்பார்கள். இதை மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறவளே அவள்தான்.)

3

அவள் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடமாட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை, மாப்பிள்ளையின் தாய்மாமன் வேலாயுதன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் கழிஞ்சா பிள்ளை வேலைக்குப் போகாண்டாம். எங்களுக்கு அது நாணக்கேடாக்கும்."

பொன்னம்பலம் தலையாட்டினார்.

பேச்சு முடிந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள்.

"அப்பா, அவரு சொன்னதைக் கேட்டியளா?"

"கேட்டில்ல மக்கா. ஒயரு இடையில விட்டுப்போச்சு. சத்தியமாக்கும்."

இங்கே எனக்குக் குழம்பிவிட்டது. இவரைப் படைத்தவன் நான். இவர் சொல்வது நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. தலையாட்டியதால் ஒயர் விட்டதா, ஒயர் விட்டதால் தலையாட்டினாரா, அல்லது எல்லாம் நன்றாகக் கேட்டுத்தான்...

4

ஒயரை லேசாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதல் முடிவு: இழுக்கிறாள், கழன்று வருகிறது. அப்பா நிரபராதி, அவள் வேலைதான் மோசம். கிழித்தேன்.

இரண்டாம் முடிவு: அசையவே இல்லை, கெட்டியாக இருக்கிறது. அவள் வேலை சுத்தம், அப்பா அவளை விற்றுவிட்டார். இதை எழுதியபோது எனக்கு அழுகை வந்தது. இதையும் கிழித்தேன்.

எதை எழுதுவது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அயர்னை பிளக்கில் செருகிவிட்டாள். பகல், வோல்டேஜ் இருந்தது. ஐயோ, பழைய ஈயத்தை உருக்கினால் சாட்சி போய்விடுமே! கதாசிரியன் என்ற உரிமையில் தடுத்துப் பார்த்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஈயம் பளபளவென்று உருகி ஒயருக்குள் இறங்கியது. ஆறியதும் கொண்டுபோய் அப்பாவின் காதில் அவளே மாட்டினாள்.

"இப்பக் கேக்குதா?"

தலையாட்டினார்.

"தலையாட்டப்பிடாது. வாயால சொல்லணும். நான் வேலைய விடமாட்டேன். அவியகிட்டப் போய்ச் சொல்லுவியளா, மாட்டியளா?"

அவருக்குக் கேட்டுவிட்டது. மொத்தக் கதையிலும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இது ஒன்றுதான். வாயைத் திறக்கிறார். அவர் முகத்தை எவ்வளவு பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. இப்படி ஓர் அப்பா உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் காத்துக்கொண்டு நிற்கிறாள்.