மாடத்தில் எழுந்தவர்

1957 தேர்தலில் தோற்ற பிறகும் ஆராவமுதன் சட்டசபை கூடும் விதான சௌதாவுக்குப் போவதை நிறுத்தவில்லை. முன்பு கீழே உறுப்பினர் வரிசையில் உட்கார்ந்தவர், இப்போது மேலே பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்தார். ஒரு தமிழ் வார இதழுக்கு அரசியல் விமர்சனம் எழுதினார். மனைவி ருக்மிணி காலமாகிவிட்டாள். மல்லேஸ்வரம் வீட்டில் ரேடியோ மட்டும் பேசியது. சட்டசபை கூடாத நாட்களை எப்படிக் கழிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதும் மாடத்து அனுமதிச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது.

அந்தச் சீட்டுக்கு ஒரே நிபந்தனை, மாடத்தில் வாய் திறக்கக் கூடாது.

அன்று மர்பி டவுன் ஏழைகளுக்கு மனைப் பட்டா கொடுக்கும் சட்டத் திருத்தம் வந்தது. ஆராவமுதன் உறுப்பினராக இருந்தபோது கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது. இப்போது அதைக் கொண்டுவந்தவர் முனிகிருஷ்ணன். சபை கலைந்ததும் ஆராவமுதனைத் தன் காரில் வீடுவரை கொண்டுவிடும் ஒரே உறுப்பினர் அவர்தான்.

சபாநாயகர் பெயரைக் கூப்பிட்டார். முனிகிருஷ்ணன் பக்கத்து இருக்கைக்காரரிடம் குனிந்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மறுபடியும் கூப்பிட்டார். எழுந்து முன்மொழியாவிட்டால் திருத்தம் அதோடு போயிற்று. சபாநாயகர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

ஆராவமுதன் எழுந்துவிட்டார்.

"அத்யக்ஷரே, பாயிண்ட் ஆஃப் ஆர்டர்," என்று சபாநாயகரை அழைத்து, இன்னும் உறுப்பினர்போலவே ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார்.

சபை முழுவதும் அண்ணாந்து பார்த்தது. பிறகு சிரித்தது. முனிகிருஷ்ணன் பதறி எழுந்து திருத்தத்தை முன்மொழிந்தார். காவலர்கள் ஆராவமுதனை வெளியே அழைத்துப் போனார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு, இனி கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்கள்.

மாலைவரை படிக்கட்டருகே காத்திருந்தார். முனிகிருஷ்ணன் சகாக்களோடு இறங்கி வந்தார். முகம் கடுத்திருந்தது.

"ஏன் சார், நான் எழுந்திருக்க மாட்டேனா? ஜனங்க உங்கள உட்கார வெச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் எழுந்திருக்கறீங்களே."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஆராவமுதன் அதைக் கேட்காதவர்போல, திருத்தம் நிறைவேறியதா, யார் யார் எதிர்த்தார்கள் என்று விசாரித்தார்.

முனிகிருஷ்ணன் கார் கதவைத் திறந்தார்.

"நாளைக்குப் பேப்பர்ல பாருங்க சார்."

கார் போய்விட்டது. மல்லேஸ்வரம் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று ஆராவமுதன் வாசல் போலீஸ்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.