மயிலை என்றால் இடது பக்கம்

என் வீட்டுக்காரரின் பெயரை நான் சொல்ல மாட்டேன். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அந்த ஒரு வழக்கத்தால் எத்தனை கூத்து நடந்தது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

பதுளைக்கு ரயில் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டவுனுக்கு மேலே ஏழு மைலில் இருக்கும் கல்லுமலைத் தோட்டத்திலிருந்து தேயிலைப் பெட்டிகளை ரயிலடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வீட்டுக்காரரின் வேலை. தோட்டத்துக்குச் சொந்தமான இரட்டை மாட்டு வண்டி. இடது பக்கம் செவலை, வலது பக்கம் மயிலை. ஒரு பக்கம் மலையும் மறு பக்கம் கிடுகிடு பள்ளமுமாக இறங்கும் ரோட்டில் பதினாறு வருஷம் வண்டி ஓட்டியவர். பனி மூடி மாட்டின் கொம்பே தெரியாத நாளிலும் வெற்றிலை மென்றுகொண்டு போய்வருவார். பயம் என்றால் என்னவென்று தெரியாத மனுஷன் என்று நானும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தோட்டத்துப் பெரிய துரை லொறி வாங்கினார். இவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். தீபாவளிக்குள் லைசன்ஸ் எடுத்தால் இவர்தான் டிரைவர். எடுக்காவிட்டால் பண்டாரவளையிலிருந்து வேறு டிரைவர் வருவான், இவர் கவ்வாத்து வெட்டப் போகவேண்டியது. எப்படியானாலும் தீபாவளி கழிந்ததும் மாடு இரண்டும் விற்கப்படும்.

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டுகிற வேலை. கத்தியோடு சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்கவேண்டும். இவருடைய வலது முட்டியில் ஒருமுறை வண்டிச் சக்கரம் ஏறியிருக்கிறது. பத்து படி ஏறினால் பதினோராவது படியில் உட்கார்ந்துவிடுவார். அது துரைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே இவருக்கு லைசன்ஸ் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

லொறி வந்த அன்று பார்க்கப் போனோம். விளக்குகளைப் பார்த்து, "இது முழிச்சுக்கிட்டே இருக்கு" என்றார். பங்களா ஆள் கைப்பிடியைச் சுழற்றி இஞ்சினைக் கிளப்பியதும் மூன்றே எட்டில் கொட்டகைக்குள் போய்ச் செவலைக்குப் பின்னால் நின்றுகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பயந்தவர்களுக்கு மோட்டார் ஓட்டப் படித்துக்கொடுக்கும் இடம் பதுளையில் எங்கே இருக்கிறது என்று கடைத்தெரு முழுக்க விசாரித்தேன். வெள்ளிக்கிழமை தேயிலை இறக்கிவிட்டு, மாட்டு வண்டியிலேயே மோட்டார் பள்ளிக்கூடம் தேடிப் போனோம்.

முதலில் போனது தங்கராஜா மாஸ்டரிடம். பெரிய போர்டு, பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை. சத்தம் போட்டால்தான் பாடம் மண்டையில் ஏறும் என்பது அவருடைய கொள்கை. "இடது பக்கம்" என்று அவர் கத்தினார், இவர் வலது பக்கம் திருப்பினார். "வலது பக்கம்" என்று கத்தினார், இவர் இடது பக்கம் திருப்பி ஒரு வாழைக்காய்க் கடைக்குள் காரின் மூக்கை நுழைத்தார். கடைக்காரர், மாஸ்டர், நான் மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். இவர் மட்டும் இறங்கி வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

அடுத்தவர் ராமநாதன் என்ற கிழவர், முன்னே ஏதோ ஒரு துரைக்குக் கார் ஓட்டியவர். சாந்தமான மனுஷன். இவரை முக்காலியில் உட்கார வைத்து, கையில் அரிசி புடைக்கிற சுளகைக் கொடுத்து, காலடியில் மூன்று மரக்கட்டைகளை வைத்தார். சுளகுதான் ஸ்டீரிங், கட்டைகள்தான் பெடல். மூன்று வெள்ளிக்கிழமை அங்கே போனோம். சுளகு ஓட்டுவதில் இவரை அடித்துக்கொள்ள எங்கள் ஊவா மாகாணத்திலேயே ஆள் இல்லை. நாலாவது வாரம், மோட்டார் எப்போது வரும் என்று கேட்டேன். மோட்டாரை விற்று ஐந்து வருஷம் ஆயிற்றே, உங்களிடம் சொல்லவில்லையா என்று கிழவர் திருப்பிக் கேட்டார். அந்தச் சுளகால் அவரையே புடைத்திருப்பேன். வயதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

மூன்றாவதாகப் போனது ஹுமைத் நானாவின் கொட்டகைக்கு. அவர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். போர்டு கிடையாது. நான் எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

"நானா, பயந்தவங்களுக்கு நீங்க சொல்லிக் குடுப்பீங்களா?"

"பயமில்லாதவங்களத்தான் தங்கச்சி நான் சேக்கிறதில்ல. போன வருஷம் பயமே இல்லாத ஒருத்தர் வந்தார். அவர் ஓட்டின காருக்கு மேலதான் இப்ப நீங்க நிக்கிறீங்க."

குனிந்து பார்த்தேன். தகரப் பலகை என்று நினைத்து ஏறி நின்றது ஒரு காரின் கதவு. நானாதான் நமக்கு ஏற்ற ஆள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நானா நோட்டை எடுத்துப் படிக்கிறவர் பெயரைக் கேட்டார். படிக்கிறவரோ வெளியே மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நான் முழித்தேன். நானா அவசரத்தில், சரி உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றார். ரெங்கம்மா என்றேன். அதையே எழுதிக்கொண்டார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

பாடம் தொடங்கியது. நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். அதே கதைதான். இடது என்றால் வலது, வலது என்றால் இடது. ஆனால் நானா கத்தவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை இவர் கையையே கவனித்தார். நாலாவது வாரம், காரை விட்டு இறங்கி எங்கள் மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டு, டவுனைச் சுற்றி ஒரு ரவுண்டு போகச் சொன்னார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

விஷயம் இதுதான். வண்டி இடது பக்கம் திரும்பவேண்டுமானால் வலது பக்கத்து மாட்டைத் தட்டவேண்டும். அது முந்தி நடக்கும், வண்டி இடது பக்கம் ஒடியும். பதினாறு வருஷமாக 'இடது' என்று மனசு சொன்ன உடனே இவருடைய கை வலது பக்கத்து மயிலையிடம் போய்ப் பழகிவிட்டது. பதற்றத்தில் ஸ்டீரிங்கைப் பிடித்தாலும் கை மாட்டைத்தான் தேடியது. நானா அன்றிலிருந்து இடது, வலது என்ற வார்த்தைகளையே விட்டுவிட்டார். இடது பக்கம் போக "மயிலை" என்பார். வலது பக்கம் போக "செவலை" என்பார். பெயரைக் கேட்டதும் கை எந்த மாட்டையும் தேடாமல், வண்டி திரும்புகிற பக்கத்துக்கே வளையத்தை ஒடித்தது. அன்று முதல்முறையாக ஒரு கடையையும் தொடாமல் கடைத்தெருவைத் தாண்டினோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை இவர் காரில் ஏற மாட்டேன் என்று வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பயமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"அதுக பேரச் சொல்லித்தான் ரெங்கம்மா எனக்கு ஓட்ட வருது. நான் ஓட்டக் கத்துக்கிட்ட அன்னிக்கு அதுகள கறிக்கடைக்கு ஓட்டிட்டுப் போவாங்க. வேற எவனாச்சும் லொறி ஓட்டி அது நடந்தா நடக்கட்டும். என் கையால வேணாம்."

இத்தனை நாளும் லொறியைப் பார்த்துப் பயப்படுகிறார் என்றே நான் கேலி செய்துகொண்டிருந்தேன். அன்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

ஹுமைத் நானாதான் பேசினார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, கல்லுமலை ரோட்டில் ஐப்பசி மழை எப்படி இருக்கும் என்று விசாரித்தார். சவுக்கு மரத்து வளைவில் முழங்கால் வரை சேறு நிற்கும் என்றார் இவர்.

"அண்ணே, இந்த ஊர்ல சேத்துல புதைஞ்ச லொறி எத்தனைய மாடு கட்டி இழுத்திருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். தொரைக்கு அது இன்னும் தெரியாது. மழை சொல்லிக் குடுக்கும். ஆனா லொறியில நீங்க இருக்கணும். பண்டாரவளைக்காரன் இருந்தா மாட்டை யார் நெனப்பா?"

இவர் மாடுகளுக்கு ஒரு பிடி புல்லைப் போட்டார். பிறகு காரில் ஏறினார்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் பரீட்சை. லைசன்ஸ் கொடுக்கும் வெள்ளைக்காரத் துரை தமிழ் படித்தவர், அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. நானா கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரின் மீசையைப் பார்த்தார்.

"ரெங்கம்மா நீயா?"

அது நான் என்றேன். அப்படியானால் ஓட்டுகிறவன் பெயர் என்ன என்றார். இவருக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நானோ சொல்லக்கூடாது. நானாவும் பக்கத்தில் இல்லை. துரை கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"நல்லதுன்னு ஆரம்பிக்குமுங்க. ஐயான்னு முடியுமுங்க."

துரை இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்து, 'நல்லையா' என்று எழுதினார். கணக்குப் போட்டு விடை கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே, நானும் பின் சீட்டில் ஏறுவதைத் தடுக்கவில்லை.

துரை "இடது" என்றார். நான் பின்னாலிருந்து "மயிலை" என்றேன். கார் இடது பக்கம் அழகாகத் திரும்பியது. துரை "வலது" என்றார். நான் "செவலை" என்றேன். அதுவும் நடந்தது. நாலு தெரு போனதும் துரை காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, மயிலை என்றால் என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார்.

"புத்தகத்துல இடதுங்க. தோட்டத்துல மயிலைங்க" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். லைசன்ஸும் கிடைத்தது. அதற்குப் பிறகு பரீட்சைக்குப் போன பாவிகளிடமெல்லாம் அவர் "மயிலை, மயிலை" என்று சொல்லி, அவர்கள் திருதிருவென்று முழித்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

தீபாவளி கழிந்தது. மழை வரவில்லை. ஒரு வாரம் லொறி எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. பெரிய துரைக்கு ஒரே குஷி. மாடு வாங்குகிற ஆளை அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டார். இவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். நான் மேகத்தைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் தொடங்கிய மழை வியாழக்கிழமை காலைதான் விட்டது. இவர் லொறி நிறையத் தேயிலைப் பெட்டிகளோடு புறப்பட்டார். சவுக்கு மரத்து வளைவில் பின் சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டன. செய்தி கேட்டு நானும் ஓடினேன். காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்திலிருந்து பன்னிரண்டு ஆட்கள் வந்து தள்ளினார்கள், லொறி இன்னும் ஒரு சாண் புதைந்தது. ரயிலுக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. துரை தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். அந்த நேரம் பார்த்து, மாடு வாங்க வந்த ஆள் செவலையையும் மயிலையையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு அதே வளைவுக்கு வந்து சேர்ந்தான்.

என் வீட்டுக்காரர் லொறியிலிருந்து இறங்கினார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆளின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். தோட்டத்திலிருந்து நுகத்தடியும் சங்கிலியும் கொண்டுவரச் சொல்லி, மாடுகளை லொறியின் முன்னால் பூட்டினார்.

இவர் மாட்டோடு நடந்தால் ஸ்டீரிங்கை யார் பிடிப்பது? துரையே ஏறி உட்கார்ந்தார். இவர் "மயிலை" என்று குரல் கொடுத்தார். மயிலை முந்தியது, மாடுகள் இடது பக்கம் ஒடிந்தன. துரைக்கு ஒன்றும் புரியவில்லை, நேராகவே பிடித்துக்கொண்டிருந்தார். லொறி பள்ளத்துப் பக்கம் ஒரு முழம் வழுக்கியது. துரையின் முகம் வெள்ளையிலும் வெள்ளையாகியது.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லொறியில் கால் வைத்தேன்.

"தொரை, நீங்க எறங்குங்க. ஒங்களுக்கு இந்தப் பாஷை வராது."

அவர் இறங்கிவிட்டார். ஐந்து வாரம் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த வளையம், கையில் சில்லென்று இருந்தது. முன்னாலே இவர், நடுவிலே மாடுகள், பின்னாலே நான். "மயிலை" என்றார், மயிலையும் திரும்பியது, நானும் திரும்பினேன். "செவலை" என்றார், செவலையும் நானும் திரும்பினோம். சேறு 'சளக்' என்று விட்டது. லொறி வளைவைத் தாண்டிக் கெட்டியான ரோட்டில் ஏறி நின்றது. நான் இறங்கிச் சேலைச் செருகலை எடுத்துவிட்டேன்.

துரை மாடு வாங்க வந்தவனைப் பார்த்து, மழைக்காலம் முழுக்க மாடு தோட்டத்துக்குத் தேவை என்றார். மழைக்காலம் எப்போது முடியும் என்று அவன் கேட்டான். மலைநாட்டில் அது முடிவதே இல்லை என்று சொல்லித் துரை அவனை அனுப்பிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹுமைத் நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பழைய நோட்டைத் திறந்து 'ரெங்கம்மா' என்ற பெயருக்கு நேராக 'பாஸ்' என்று எழுதிக் காட்டினார்.

வளைவில் சேறு விட்ட அன்று என் வீட்டுக்காரர் லொறியைக் கிளப்பும் முன்னால் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மயிலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், என்னைப் பார்க்கவேயில்லை.

"ஒங்க ஆத்தா நல்லாத்தான்டா ஒடிச்சா" என்று மாட்டிடம் சொன்னார்.