மாடி வீட்டுச் சுறா

சிங்காரம் பொய் சொல்வார் என்று தேவனாம்பட்டினத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். "அவுரு சொன்னா கொஞ்சம் கழிச்சிக்கிட்டுக் கேக்கணும்" என்பார்கள், அவ்வளவுதான். அவர் வலையில் சிக்கிய சங்கரா மீன் விட்ட பெருமூச்சில், மோட்டார் இல்லாமலே படகு கரை சேர்ந்த சேதி அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதும் மகள் மோகனப்பிரியா அவரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிவந்தாள். கூடவே, மீன் கூடையில் உட்கார்ந்துகொண்டு அவருடைய பூனையும் வந்தது. கடுவன். பெயர் சுறா.

மகள் இருந்தது மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர் சுப்பிரமணியன். அவர் போட்ட ஒரே நிபந்தனை, வீட்டுக்குள் கவிச்சி கூடாது. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதால், டீச்சரான மோகனப்பிரியா அலையாய் அலைந்து பிடித்த வீடு. வந்த நாள் முதல் மீன் என்று ஒன்று உண்டு என்பதையே மறந்தவள் மாதிரி இருந்தாள்.

"பூனைய உள்ளயே வெச்சிக்கங்க பெரியவரே. எங்கனா வாய் வெச்சிட்டு வரப்போவுது" என்றார் சுப்பிரமணியன்.

"அடைச்சி வெச்சா அது பூனை இல்ல சார், பொம்மை. நாலு தெரு சுத்துனாத்தான் அதுக்கு உடம்பு. அதுவுமில்லாம இது சைவம்." சிங்காரத்தின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "போன வருஷம் திருவந்திபுரம் கோயிலுக்கு நடந்தே போயிட்டுது. மலைப்படியில ஒக்காந்து பொங்கல் துன்னுட்டு வந்துச்சி. அன்னியிலேருந்து வஞ்சிரத்த முன்னால வெச்சா மூஞ்சத் திருப்பிக்கிது. கெண்டையப் பாத்தா கன்னத்துல போட்டுக்கிது."

சுப்பிரமணியன் வயிறு குலுங்கச் சிரித்தார். அதோடு பேச்சு முடிந்தது. சுறா மதிலேறித் தெருவெல்லாம் திரிந்தது.

ஆனால் சைவத்துக்குக் கேடு முதலில் வந்தது பூனையால் அல்ல. கருவாடு இல்லாமல் பழைய சோறு சிங்காரத்துக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஊரிலிருந்து வேட்டிகளுக்கு நடுவே ஒளிந்து வந்த வாளைக் கருவாட்டுப் பொட்டலம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குடியேறியிருந்தது. மகள் பள்ளிக்குப் போனதும் தூபக்காலில் கரித்தணலோடு மேலே போவார். தணலில் கருவாட்டைச் சுட்டு எடுத்ததும், வாசனை கீழே இறங்குவதற்குள் சாம்பிராணியை அள்ளிப் போடுவார். மாடி, கோயில் மாதிரிப் புகையும்.

"உங்கப்பாவுக்கு எவ்ளோ பக்திம்மா! ஒரு நாள்கூட தூபம் தவறல" என்று சுப்பிரமணியன் சொல்லும்போதெல்லாம் மோகனப்பிரியாவுக்கு முகம் மலரும்.

சுப்பிரமணியனின் அப்பா திவசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் புரோகிதர் மந்திரம் சொல்ல, சுப்பிரமணியன் பிண்டம் உருட்டி இலையில் வைத்தார். அப்போது சுறா மாடிப்படியில் நிதானமாக இறங்கி வந்தது. வாயில் முழ நீளத்துக்கு ஒரு வாளைக் கருவாடு. யாரும் எழுந்திருப்பதற்குள் அதை இலையோரம் வைத்துவிட்டு, தன் பங்கைச் செய்துவிட்ட மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்தது.

சுப்பிரமணியன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வருஷத்துல ஒரு நாள்தான் அப்பாவுக்குச் சோறு போடறேன்" என்றார். கண் நிறைந்துவிட்டது.

மேலேயிருந்து ஓடிவந்த மோகனப்பிரியா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். "யப்பா, இது எங்கேருந்து வந்துச்சி?"

"எனக்கின்னாம்மா தெரியும்? ஊர் சுத்தற கழுத. எவ கூடையில புடுங்கிச்சோ." மகளின் பின்னாலேயே இறங்கி வந்திருந்த சிங்காரம், தினமும் கரி தொட்டுக் கறுத்த விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

மகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தைக் கழுவினாள். குனிந்தபடியே, "சார், காலி பண்ணச் சொல்லிடாதீங்க சார்" என்றாள். தன் பெண் இன்னொருவர் வீட்டுத் தரையில் மண்டியிட்டுத் துடைப்பதைச் சிங்காரம் பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கால் வலி என்று ஒரு சாக்கு இருந்தது.

"காலியெல்லாம் வேணாம்மா. இனிமே அத வெளிய வுடக் கூடாது. அவ்ளோதான்."

"அதான் சார் நியாயம்" என்று முந்திக்கொண்டார் சிங்காரம். "பூனைன்னா வீட்டுக்குள்ளதான் கெடக்கணும்."

மறுநாளே மாடி வாசலுக்குக் கம்பிவலைக் கதவு வந்துவிட்டது. சுறா அதைப் பிராண்டிப் பிராண்டி நகத்தை உடைத்துக்கொண்டது. தெருப் பூனைகள் மதிலில் போவதைப் பார்த்து அடித்தொண்டையில் அழுதது. அதையும் சிங்காரம் தாங்கியிருப்பார். அவர் பக்கத்தில் போனால் ஒன்றுமே நடக்காத மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு காலில் உரசியது. அதைத்தான் தாங்க முடியவில்லை. மகள் வேறு, "ஒன் பூனையால தெருவுல தல காட்ட முடியலப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் சிங்காரம் படியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார்.

"சார், பூனை மேல தப்பில்ல. கருவாடு என்னுது. தொட்டிக்குப் பின்னால வெச்சிருக்கன். தூபக்கால்ல சுட்டுத் துன்னுட்டு, மேல சாம்பிராணி போடுவன்."

சுப்பிரமணியன் வெடித்துச் சிரித்தார். திவசத்துக்குப் பிறகு அவர் சிரிப்பது அதுதான் முதல் தடவை. "தூபக்கால்ல கருவாடா! பூனைக்கு ஜாமீன் எடுக்க இப்படி ஒரு கதையா? உங்கள அடிச்சிக்க ஆளே இல்ல பெரியவரே!"

"வாங்க சார், காட்டறன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு எவ்வளவு சுகமாக இருந்தது! காலி பண்ண வேண்டாம், தலைகுனிய வேண்டாம். சிங்காரத்தின் முகம் தானாகவே பழையபடி ஆகிவிட்டது.

"இன்னும் கேளுங்க சார். அன்னிக்கிப் பொக ஜாஸ்தி ஆயிடுச்சி. அந்தக் கருவாடு எழுந்து ஒக்காந்து தும்முச்சி. இன்னாடா இதுன்னு பாக்கறன், அதும்பாட்டுக்குப் படியிறங்குது. நம்ப பூனை அதத் தடுக்கத்தான் சார் பின்னாலயே ஓடிச்சி."

சுப்பிரமணியன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிங்காரமும் சிரித்தபடி திரும்பினார். படிக்கட்டு வளைவில் மோகனப்பிரியா காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். டம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டு மேலே ஏறினாள்.

செருப்புச் சத்தம் அவர்கள் வாசலில் நிற்கவில்லை. கம்பிவலைக் கதவைத் தாண்டி மொட்டை மாடிக்குப் போயிற்று. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றது.

"அப்புறம்?" என்றார் சுப்பிரமணியன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சொல்லுங்க பெரியவரே, அப்புறம் என்னா ஆச்சி?"

சிங்காரம் கதையை அங்கேயே விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கினார்.