மணலுக்குள் பூவாத்தாள்

கம்பெனிக்காரன் தான் விற்ற சாமானைத் தானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எழுபத்தொரு வயதுவரை எவனும் எனக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை. ஆனால் பேட்டரி உப்பி நாலைந்து பேரைச் சுட்டுவிட்டதாம். அந்த மாடல் போன் வைத்திருப்பவர்கள் எல்லாம் கொண்டுவந்து கொடுங்கள், ஒரு மாதத்தில் வேறு போன் தருகிறோம், கேட்பவர்களுக்கு அதுவரை ஒரு பட்டன் போன் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பீளமேட்டில் சர்வீஸ் சென்டருக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக வைத்து, என்னைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். என் பெயர் பிரான்சிஸ். சூலூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாக மண்வெட்டி பிடித்தவன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி.

என் வேலை மணல் வாளி. நல்ல நிலையில் இருக்கிற போனைக் கவுண்டரில் இனியா என்ற பெண் வாங்கிக்கொள்வாள். உப்பிய போன் என்னிடம் வரும். நீளமான இடுக்கியால் பிடித்து வாளி மணலில் புதைத்து, மேலே ஒரு சாண் மணல் மூட வேண்டும். வாளிக்கு ஒரு போன். நாலு மணிக்கு வேன் வந்து வாளிகளோடு ஏற்றிக்கொண்டு போய்விடும். மணலும் எம்-சாண்ட்தான். ஆற்று மணல் எங்கே போனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சித்திரை மதியம். கொட்டகையை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். போனைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உடனே கிளம்பவில்லை. எங்கே போவதென்று மறந்தவர்கள் மாதிரி அந்த நிழலில் நின்றார்கள். உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்தார்கள். ஒருத்தர் வெறும் கையைக் காதில் வைத்தபடி நாற்காலியிலேயே தூங்கிப்போனார். வாளிகளிலும் ஒன்றிரண்டு முழுசாக அணையவில்லை. யாரோ எங்கிருந்தோ எதற்கோ அனுப்புகிற சேதி வந்து விழும்போது மணல் மேலே மெல்லச் சுழிக்கும், அடியில் குழியானைப் பூச்சி நகர்வது போல. எனக்கும் கண் சொக்கும். எது மணல், எது வெயில் என்று தெரியாது.

அப்படி ஒரு சொக்கலில்தான் அவர்கள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். அந்த அம்மாளுக்கு ஐம்பத்தெட்டு அறுபது இருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தறிவேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. கூட வந்த ஆள் நெட்டையாக, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கழுத்தில் கயிறு கட்டி ஒரு துணிப்பையில் போன். நெஞ்சுக்கு நேராகப் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

"அதைக் கழட்டுங்க," என்றேன்.

அந்த அம்மாள் கையை நீட்டினாள். அவர் தட்டிவிட்டார். "இந்தம்மாகிட்டக் குடுக்க மாட்டேன். இது ஊட்டு வேலைக்கு வந்த அம்மா. நீ வேண்ணா வாங்கிக்க. பூவா கூப்புட்டா என்னையக் கூப்புடோணும்."

"சரி, கூப்புடறேன்."

கழற்றிக் கொடுத்துவிட்டு மரத்தடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் இடுக்கியால் பிடித்துப் புதைத்தேன். அந்த அம்மாள் வாளிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, இத அமத்திப்போட்டீங்களா?"

"எங்க அமத்தறது அம்மணி? கண்ணாடி பேந்து நிக்குது, ஒண்ணும் தெரியல. உள்ள உசுரு மட்டும் இருக்குது."

"அப்ப அஞ்சு மணிக்குக் கூப்புடுமுங்களா?"

"யாரு கூப்புடறது?"

"நாந்தானுங்க," என்றாள்.

அவள்தான் பூவாத்தாள். கருமத்தம்பட்டி. அந்த ஆள் அவள் புருஷன் அரங்கசாமி. மூன்று வருஷமாக அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. காலையில் நடக்கக் கிளம்பினால் வீடு எது என்று தெரியாமல் காடு கரையெல்லாம் சுற்றுவாராம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பூவாத்தாளைப் பேசச் சொல்லி, அதையே அலாரமாக வைத்துக் கொடுத்திருக்கிறாள். ஐந்து மணிக்குக் கழுத்தில் அந்தக் குரல் கேட்டால் ஆள் எங்கிருந்தாலும் வீடு திரும்பிவிடுவார்.

"அப்பறம் என்ற மூஞ்சி மறந்துபோச்சுங்க. கொரலு மட்டும் மறக்கல."

"நேர்ல கூப்புட்டா வர மாட்டாரா?"

"நேர்ல கூப்புட்டா, ஏம்மா கத்தறேங்கறாருங்க. வேற போன்லயும் பேசி வெச்சுப் பாத்தேன். அது நா இல்லையாமா. இதுல தறிக்குடோன்ல நின்னு பேசுனனுங்க, பின்னால தறி ஓடற சத்தம் கேக்கும். அதுதான் நானாமா." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "இதுவும் போச்சுன்னா அவர எதுல கூப்புடறதுங்க? நாளைக்கே எங்காச்சு போயிருவாரு. கம்பெனிக்காரங்களுக்கு வேணுங்கறது பேட்டரிதானுங்களே. பேச்ச மட்டும் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்கண்ணா."

இனியாவைக் கூப்பிட்டேன். அவள் வாளியைப் பார்த்ததுமே தலையை ஆட்டினாள். "எடுக்க முடியாது தாத்தா. ஒயர் சொருகுனா அப்பவே தீப் புடிச்சிரும். மணல்ல இருந்து வெளிய எடுக்கவே கூடாது."

"அவங்களுக்கு மாத்தா ஒரு பட்டன் போன் குடுத்தியே, அதுல பேச்சுப் பதியுமா?"

"பதியும்."

"இது அஞ்சு மணிக்குத் தன்னால கூப்புடும். மணலைக் கொஞ்சம் வழிச்சுட்டு மேல அதைப் புடி. ஒயரும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம்."

இனியா என்னையே பார்த்தாள். "எனக்கு இது தோணவே இல்ல தாத்தா."

"நீ நொம்பப் படிச்சுட்ட கண்ணு."

எல்லாம் சரி. ஆனால் வேன் நாலு மணிக்கு. நாலுக்குச் சரியாக வேன் டிரைவர் இல்யாஸ் வந்தான். வாளிகளை எண்ணினான், மறுபடியும் எண்ணினான்.

"சீட்டுல பதிமூணு போட்டிருக்குது. பன்னெண்டுதான இருக்குது தாத்தா?"

நான் பதிமூன்றாவது வாளிக்கு மூடி போட்டு, மேலே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க உக்காந்திருக்கறது என்னது?"

"முக்காலி."

"முக்காலிக்குக் கைப்பிடி எதுக்கு?"

"தூக்கறதுக்கு."

"தாத்தா, அது வெடிச்சா மொதல்ல போறது எதுன்னு ரோசிச்சீங்களா?"

"அது போயி இருவது வருசமாச்சு. நீ மத்ததை ஏத்து."

அவன் சிரித்துக்கொண்டே ஏற்றினான். பூவாத்தாள் எழுந்து போய் அவனிடம் மெதுவாக என்னவோ சொன்னாள். அவன் மரத்தடியில் இருந்தவரைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, "தொழுதுட்டு, ஒரு டீயும் குடிச்சுட்டு வாரேன். அஞ்சரைக்கு மேல நிக்க மாட்டேன்," என்று சாவியை எடுத்துக்கொண்டு போனான். நான் கெட்ட வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலை வரவில்லை.

நாலே முக்காலுக்கு மேல் இனியா கொட்டகை விசிறிகளை அணைத்தாள். யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். என்ன ஏது என்று தெரியாமலே எல்லோரும் அடங்கிப்போனார்கள். நான் மணலை வழித்தேன். இரண்டு விரல் கனம் மட்டும் விட்டேன். தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து போனது. அதன் நிழல் மரத்தின் மேலும், தூங்குகிற அரங்கசாமி மேலும், கொட்டகைத் தகரத்தின் மேலும் ஊர்ந்து தாண்டியது. அதற்குப் பிறகு அவிநாசி ரோடுகூடத் தூரத்தில் எங்கோ ஓடுவது போலிருந்தது. உறங்கும்போது மழை கேட்குமே, அப்படி.

முதலில் மணல் சுழித்தது. அப்புறம் குரல் வந்தது.

"ஏனுங்க... எங்கிருக்கறீங்க... ஊட்டுக்கு வாங்க. காப்பி ஆறுது."

பின்னால் தறிகள். டக்கு டக்கு என்று, பூமிக்கு அடியில் ஒரு ஊரே நெய்துகொண்டிருப்பது போல. பூவாத்தாள் பக்கத்தில்தான் நிற்கிறாள். சத்தம் வராமல் அவள் உதடும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தது. இனியா பட்டன் போனை நீட்டிப் பிடித்திருந்தாள்.

அரங்கசாமி எழுந்தார். யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வந்து, வாளி முன்னால் மண்டியிட்டுக் குனிந்தார்.

"பூவா, எங்க புள்ள இருக்கற?"

"எங்கிருக்கறீங்க," என்றது மணல்.

அவர் வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கெணத்துக்குள்ள உளுந்துபோட்டாளே. கவுறு. ஆராச்சும் கவுறு கொண்டாங்க."

கையை மணலுக்குள் விட்டார். நான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மணல் சுட்டது. அந்த வயதில் அவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, என்னையும் சேர்த்து இழுத்தார். குரல் இன்னொரு முறை ஆரம்பித்தது. "ஏனுங்க..." என்பதோடு நின்றுபோனது. மணலில் இருந்து நூல் மாதிரிப் புகை ஒன்று வந்து, அதுவும் நின்றது.

"சத்தத்தையே காணோம்," என்றார் என்னிடம். "முழுகிப்போயிட்டா."

பிடியை உதறிக்கொண்டு ரோட்டுப் பக்கம் கயிறு தேடிக் கிளம்பினார். இரண்டு பேர் மறித்தார்கள். அவர்கள் காலைப் பிடிக்கப் போனார். நான் செய்த வேலை இது. கோணல் வழியில் ஒரு நல்லது செய்யலாம் என்று பார்த்தேன். இனி அந்த மனுஷன் ஊர்க் கிணற்றையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு அலைவார். எந்தக் கிணற்றில் குதிப்பாரோ.

பூவாத்தாளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை. கொட்டகை மூலையில் குடிதண்ணீர்க் கேன் பக்கம் நின்றாள். நூல் மூட்டை தூக்கிப் பழகிய கை. கேனை ஒரே வீச்சில் தூக்கித் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டாள். தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. கொண்டை அவிழ்ந்தது. சேலை உடம்போடு ஒட்டியது. முடியில் இருந்த பஞ்சு நனைந்து கன்னத்தில் வழிந்தது. நாற்காலி வரிசைக்கு நடுவே சொட்டச் சொட்ட நடந்து வந்தாள். எனக்கே ஒரு நிமிஷம், இவள் எங்கிருந்து வருகிறாள் என்று குழம்பிவிட்டது.

அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஏனுங்க. ஏறி வந்துட்டனுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

"படியில பாசி புடிச்சிருக்குது, பாத்து எறங்குன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு?"

"இனிமே பாத்து எறங்கறனுங்க."

"காப்பி ஆறியிருக்கும்."

"சூடு பண்ணித் தாரேன். வாங்க."

இனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டன் போனை நீட்டினாள். "பதிஞ்சிருக்குதுங்க. அவரு சத்தமும் சேந்து விழுந்திருக்குது."

"அழிச்சுப்போடு கண்ணு," என்றாள் பூவாத்தாள். "இதக் கேட்டா மறுக்கா கெணறு தேடப் போயிருவாரு."

"அப்ப நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"அஞ்சு மணிக்கு ஒரு கொடம் ஊத்திட்டு முன்னால போயி நிக்கறேன். எங்கூர்ல எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் கொழாயில தண்ணி வருது. துணி தொவைக்கறதக் கொறைச்சுக்க வேண்டியதுதான்."

நாளைக்கும் இந்த ஆள் துவட்டுவார் என்பது என்ன நிச்சயம் என்று வாய் வரைக்கும் வந்தது. காலிக் கேனை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

இல்யாஸ் வந்து கடைசி வாளியைத் தூக்கினான். அரங்கசாமி துவட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கெணத்த எங்க எடுத்துட்டுப் போறாங்க?"

"தூத்து மூடறதுக்குங்க," என்றாள் பூவாத்தாள்.

"மூடட்டும். ஆளு உளுகற கெணறு எதுக்கு?"

அவர்கள் ரோட்டைத் தாண்டினார்கள். அவர் அவள் மணிக்கட்டை விடவில்லை. தாரில் அவள் விட்டுப்போன ஈரப் பாதங்களை வெயில் ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டே பின்னால் போனது. எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் இரும்புப் பெஞ்சு கொதித்திருக்கும். அவர் அந்த நனைந்த துண்டை நாலாக மடித்துப் பெஞ்சின் மேல் போட்டு, அவளை உட்காரச் சொல்வது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவள் உட்கார்ந்தாள்.