மீசையில் நிறுத்தம்

அந்த அச்சுக் கடையில் பெரிய பேனர் மெஷின்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஓடும். இன்னொன்றின் மேல் பேனர் மடிப்பார்கள்.

மடிக்கிற மெஷின் செத்துப்போன மெஷின். செத்த புதிதில் கடையை நடத்தும் வீட்டார் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அப்புறம் அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகை மேல் துணி விரித்து, டீ கிளாஸ் வைக்க ஆரம்பித்தார்கள். மனுஷ சுபாவம் அவ்வளவுதான். மூத்த மருமகள் ஒருத்தி மட்டும் அதன் மேல் கிளாஸ் வைத்ததே இல்லை.

ஓடுகிற மெஷின் அவள் பொறுப்பு. புருஷன் ஏணியைத் தூக்கிக்கொண்டு பேனர் கட்டப் போய்விடுவான். கொழுந்தன் முன்னறையில் ஆர்டர் பிடிப்பான். உள்ளறை அவளுடையது, அதன் சாவி அவள் இடுப்பில் இருக்கும். காலையில் தூசி பறக்காமல் ஈரத்துணியால் தரையைத் துடைப்பாள். உச்சி வேளையில் மெஷினை நிறுத்துவாள். மை பீய்ச்சுகிற தலையின் அடிப்பக்கத்தைத் துணி சுற்றிய குச்சியால், குழந்தையின் வாய் துடைப்பது போல, தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். பிறகு ஒரு துண்டில் சோதனைக் கோடுகள் அடித்துப் பார்ப்பாள். ஒவ்வொரு கோடும் ஒரு துளை. அதற்கு அவள் வைத்த பெயர் ‘பல் பார்ப்பது’. கோடு விட்டிருந்தால் பல் போச்சு என்று அர்த்தம். பல் போனதோடு ஓட்டினால் பேனரில் வெளிறிய கீறல் விழும். விட்டுவைத்தால் அடைத்த துளை கல்லாக இறுகி, தலையே போய்விடும். இன்னொரு மெஷின் வாங்க இந்தக் குடும்பத்தில் தெம்பில்லை. இது போனால் கடைக்கே பூட்டுதான்.

இந்த மதிய நிறுத்தம் கொழுந்தனுக்கு வேப்பங்காய். “ஊர்ல எல்லா மெஷினும் ஓடுது. நம்ம மெஷினுக்கு மட்டும் மாமியார் வீட்டு உபசாரம்” என்பான்.

அந்த வாரம் வியாபாரிகள் சங்கத் தேர்தல். இப்போதைய தலைவரே மறுபடி நிற்கிறார். சந்துக்குச் சந்து அவர் முகம் வேண்டுமாம். காதுக்குக் காது மீசை, அதன் கீழ் முப்பத்திரண்டும் தெரியும் சிரிப்பு, சுற்றிலும் கருநீலப் பின்னணி. அன்று விடிந்தது முதல் மெஷின் அவரையேதான் அடித்துக்கொண்டிருந்தது. அவரும் நேரில் வந்து, பேனர் மடிக்கும் பலகை மேல் ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

உச்சி வேளைக்குச் சற்று முன்னால் அவள் துடைக்கிற திரவம் எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தால், கொழுந்தன் இருப்பதிலேயே நீளமான பேனரை ஓட விட்டிருந்தான்.

“ஆரம்பிச்சாச்சு அண்ணி. நடுவுல நிறுத்தினா குறுக்கால கோடு விழும். உங்களுக்குத் தெரியாததா?” என்று சிரித்தான்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியதுகூடப் பெரிதில்லை. பாதியில் நிறுத்திப் பேனரைக் கெடுக்க அவளுக்கு மனசு வராது என்று தெரிந்து, அந்த மனசையே கயிறாக்கி அவள் கையைக் கட்டியிருக்கிறான். அதற்குள் தலைவரின் நெற்றி வெளியே வந்தது. அதில் முடி அளவுக்கு ஒரு வெளிறிய கீறல்.

“பல் போயிருக்கு, பாரு.”

“யாரு அண்ணி நெத்தியைப் பாக்கப் போறா? சாயங்காலம் சேர்த்துத் துடைச்சுக்கலாம்.”

அவள் மெஷின் பக்கத்தில் போய், நிறுத்தும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். புருவம் வந்தது. கண் வந்தது.

“என்ன பண்றீங்க?”

“மீசைக்காகக் காத்திருக்கேன்.”

மூக்கு வந்தது. மூக்குக்குக் கீழே கருகருவென்று மீசை இறங்கி, பாதி தாண்டியதும் அழுத்தினாள். மெஷின் நின்றது.

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். தலைவர் காலாட்டுவதை நிறுத்தினார்.

“ஏம்மா, என்ன இது? என் மூஞ்சியில வாயே இல்ல!”

“வாய் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் சார். இப்ப மெஷினுக்கு வாய் துடைக்கணும். கறுப்புல நிறுத்தினா கோடு தெரியாது, பயப்படாதீங்க.”

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அதை அவள் விழாமலே செய்து காட்டிவிட்டாள். ஆனால் தலைவருக்கு அதை ரசிக்கிற மனநிலை இல்லை.

“நிக்காம ஓடுற கடை ஊர்ல எத்தனையோ இருக்கு. நான் அங்க போய்க்கறேன்.”

கொழுந்தன் முகம் வெளுத்துவிட்டது. அவள் முன்னால் கையை நீட்டினான். “சாவியைக் குடுங்க அண்ணி. இனிமே உள்ளறையை நான் பாத்துக்கறேன்.”

வந்த நாளிலிருந்து அவளிடம் அப்படி யாரும் கை நீட்டியதில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை, தலைவரைத்தான் பார்த்தாள்.

“தாராளமாப் போங்க சார். ஆனா நீங்க உக்காந்திருக்கிறது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. துணியைத் தூக்கிப் பாருங்க.”

அவர் துணியின் ஓரத்தைத் தூக்கினார். பலகைக்கு அடியில் மைக்கறை காய்ந்த இரும்பு தெரிந்தது.

“எங்க பழைய மெஷின். போன தேர்தலுக்கு உங்க முகத்தைத்தான் நிக்காம அடிச்சுது. நிறுத்துங்கன்னு நான் கத்தினேன், ஒருத்தரும் கேக்கல. நீங்க ஜெயிச்சீங்க. அது மேஜையாயிடுச்சு.” குரல் நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. “எங்க கடைக்கு ஒரு மேஜை போதும் சார்.”

தலைவர் மெல்லக் கீழே இறங்கினார். யார் மடியிலோ தெரியாமல் உட்கார்ந்துவிட்டவரைப் போல வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். போவதா இருப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்தப் பலகை மேல் வைத்தாள். “எடுத்துக்கோ தம்பி. ஆனா இந்தச் சாவியை எடுக்கறவங்க தினமும் மத்தியானம் பல் பாக்கணும்.”

கொழுந்தன் சாவியைப் பார்த்தான். பக்கத்தில் அவனுடைய டீ கிளாஸ் இருந்தது. கிளாஸை எடுத்துத் தரையில் வைத்தான். சாவியைத் தொடவில்லை. குச்சியையும் துணியையும் எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் ஒற்றி முடித்து, ஓரமாக ஒரு துண்டை வைத்துக் கோடு அடித்தாள். எப்போதும் அவள்தான் பார்ப்பாள். இன்று அவன் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

“சிவப்புல ஒண்ணு இன்னும் வரல அண்ணி.”

“அப்ப மறுபடி ஒத்தணும்.”

தலைவர் பொறுமையிழந்து அருகில் வந்தார். மெஷினில் அவருடைய பாதி முகம், வாயில்லாமல், அரை மீசையோடு தொங்கிக்கொண்டிருந்தது. “இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?”

கொழுந்தன் துண்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“பல் வந்தாத்தான் சார் சிரிப்பு.”