மூன்று ஆழாக்கு

மடைக்குளத்தில் யார் செத்தாலும் கண்ணீர் காய்வதற்குள் தண்ணீராகிவிடுவார்கள். கோட்டைச்சாமியும் செத்துக் கட்டிலிலேயே தண்ணீரானார். பெண்டாட்டி அன்னபாக்கியம் அவரைச் சொட்டுச் சிந்தாமல் மூன்று கேன்களில் பிடித்து, வண்டியேற்றி அளவை ஆபீசுக்குக் கொண்டுபோனாள். சீட்டு இல்லாமல் ஆற்றில் ஊற்றக்கூடாது. ஊற்றாமல் வைத்திருந்தாலோ சித்திரை வெயில் குடித்துவிடும். வெயில் குடித்தவர்கள் மேகமாகிப் பக்கத்து ஊரில் பெய்வார்கள். அங்கேதான் அவருடைய தொடுப்பு ராசாமணி இருந்தாள். அவள் முற்றத்தில் இந்த மனுசன் இனியும் போய்ப் பெய்யக்கூடாது.

குமாஸ்தா ஞானதுரை கேன்களைப் பீப்பாயில் கொட்டி அளந்தார். பிறகு கல்யாணப் பதிவேட்டைப் புரட்டினார். தாலி கட்டுமுன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியாக நிறை அண்டாவில் முக்கி, வழிந்த தண்ணீரைப் படியால் அளந்து எழுதிவைப்பது அந்த ஊர் வழக்கம்.

“மாப்பிள்ளை நாப்பத்தஞ்சு படி. அறுபது லிட்டர் நானூத்தி எண்பது மில்லி வரணும். அறுபதுதான் இருக்கு.”

“மூணு மாசம் இருமி இருமி இளைச்சுட்டாரு சார்.”

“இருமலுக்குப் பதிவேட்டுல கட்டம் இல்லம்மா. நானூத்தி எண்பது மில்லி இன்னும் சாகல. ஊத்தினீங்கன்னா கொலைக் கேசு.”

ஜன்னல் வெயில் பீப்பாய்மேல் ஏறியது. அன்னபாக்கியம் முந்தானையால் மறைத்தாள். “குறையுறதை என்கிட்ட எடுத்துக்கங்க. பெண்டாட்டிதானே?”

“எடுக்கலாம். ஆனா உங்க பதிவும் பழைய படிக்கணக்கு. ஆழாக்குக்குக் கீழே உடைக்க முடியாது. ஒரு ஆழாக்கு நூத்தி அறுபத்தெட்டு மில்லி. மூணு எடுக்கணும்.”

அவள் இடது கையை நீட்டினாள். மூன்று மாதமாகக் கோழைக்கிண்ணம் ஏந்திய கை. விரல் விரலாகக் கரைந்தது. மணிக்கட்டு வந்ததும் மூன்று ஆழாக்கும் நிறைந்தன.

பீப்பாயில் கோட்டுக்கு மேல் இருபத்து நாலு மில்லி நின்றது. இரண்டு பேரும் கலந்த தண்ணீர். ஞானதுரை அதைக் கரண்டியால் வழித்து ஒரு பாலாடையில் விட்டார். பாலாடையிலிருந்து வீறிட்டு ஓர் அழுகை எழுந்தது. அன்னபாக்கியத்துக்குக் கல்யாணமாகி முப்பது வருசம், பிள்ளை இல்லை.

ஞானதுரை ஆற்றுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பிறப்புப் பதிவேட்டை எடுத்தார். “இருபத்து நாலு மில்லி. பேரு?”

அவள் பாலாடையை ஒற்றைக் கையில் வாங்கினாள். மூட இன்னொரு கை இல்லை.

“மூடி ஏதாச்சும் இருக்கா சார்?”

“மூடிக்குத் தனி ஜன்னல். மூணு மணிக்குத்தான் திறப்பாங்க.”

மணி பன்னிரண்டு. ஞானதுரை பாலாடையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, இருபத்து நாலை அடித்து இருபத்து மூன்று என்று திருத்தினார்.